விதையிலிருந்து குடுவைச் செடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூச்சி பிடிக்கும் நெப்பந்தஸ் பேரினத்துக் குடுவைச் செடிகளை வீட்டிலேயே விதைத்து வளர்க்க விரும்புபவர்களுக்கான பக்கம் இது. விதை வாங்குவதில் தொடங்கி, நாற்றுகளைத் தனித்தொட்டிக்கு மாற்றும் வரை வரும் சந்தேகங்கள் இங்கே உள்ளன. ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவிடலாம்: தோல்விகளில் பெரும்பாலானவை விதைக்கும் முன்பே நடந்து முடிந்திருக்கும், ஏனென்றால் விதை பழையதாக இருந்திருக்கும். மீதித் தோல்விகளில் பாதி, முளைக்கும்வரை பொறுக்காமல் பெட்டியை நோண்டுவதால் வருபவை.

கடையில் வளர்ந்த செடியே கிடைக்கிறதே, விதையிலிருந்து ஏன் வளர்க்க வேண்டும்?

பெரிய செடி சீக்கிரம் வேண்டும் என்றால் விதை சரியான வழி இல்லை, செடியாகவே வாங்குங்கள். கடைக்கு வரும் செடிகளில் பெரும்பாலானவை திசு வளர்ப்பில் பெருக்கியவை. ஒரே தாய்ச்செடியின் நகல்கள் என்பதால் பத்து வாங்கினாலும் பத்தும் ஒரே மரபு, ஒரே பால்.

விதையில் வரும் நாற்றுகளோ ஒவ்வொன்றும் வேறு. ஒரே காயில் இருந்து வந்தவையே குடுவையின் நிறம், வாயோரத்து வரி, வளரும் வேகம் எல்லாவற்றிலும் மாறுபடும். ஆண் செடியும் பெண் செடியும் வரும் என்பதால், பிறகு நீங்களே விதை எடுக்கவும் வழியுண்டு. இன்னொரு நன்மை: சிறு வயதிலிருந்தே உங்கள் வீட்டு வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வளர்ந்த செடி பின்னாளில் அதிகம் தொந்தரவு தராது.

எந்த இனத்தில் தொடங்கலாம்?

நெப்பந்தஸில் 170க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. வளர்ப்பவர்கள் இவற்றைத் தாழ்நில இனங்கள், மலை இனங்கள் என்று இரண்டாகப் பிரிப்பார்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 மீட்டர் உயரம் வரை இயற்கையில் வளர்பவை தாழ்நிலம், அதற்கு மேல் மலை. கோடு கறாரானது அல்ல, இரண்டுக்கும் இடைப்பட்டவையும் உண்டு.

உங்கள் வீட்டில் பகல் 27 முதல் 33 டிகிரி, இரவு 22க்குக் குறையாது என்றால் மிராபிலிஸ், கிராசிலிஸ், ஆம்புல்லேரியா, ராஃப்லெசியானா போன்ற தாழ்நில இனங்கள் பொருந்தும். முதல்முறை விதைப்பவருக்கு மிராபிலிஸைத்தான் பரிந்துரைப்போம். சீக்கிரம் முளைக்கும், தவறுகளைப் பொறுக்கும், பரவலாக வளர்க்கப்படுவதால் புதிய விதையும் எளிதாகக் கிடைக்கும்.

இரவு வெப்பம் 12 முதல் 16 டிகிரிக்கு இறங்கும் இடமாக இருந்தால் மலை இனங்களை முயலலாம். ஆனால் ராஜா, வில்லோசா, ஹமாட்டா என்று பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். இரவுக் குளிர்ச்சி இல்லாத இடத்தில் மலை இனத்து விதைகூட முளைத்துவிடும்; நாற்றுதான் மாதக்கணக்கில் வளராமல் நின்று, பிறகு கரையும். இடைப்பட்ட சூழலுக்கு வென்ட்ரிகோசாவும் அதன் கலப்பினங்களும் நல்ல தேர்வு.

வாங்கும் விதை உண்மையானதுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நெப்பந்தஸ் விதை உருண்டையாக இருக்காது. இரண்டு முனையும் இழைபோல நீண்டு, நடுவில் மட்டும் சற்றே பருத்த மெல்லிய நூல்தான் அது. இனத்தைப் பொறுத்துப் பெரும்பாலும் அரை சென்டிமீட்டர் முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். காற்றில் பறந்து பரவுவதற்கான அமைப்பு இது. விதைப் பொட்டலத்துக்கு மேல் தும்மினால் விதை போய்விடும் என்று சொல்வது வேடிக்கைக்காக அல்ல. (சேஷெல்ஸ் தீவுகளின் பெர்வில்லி மட்டும் விதிவிலக்கு, அதன் விதைக்கு நீண்ட வால் கிடையாது.)

கடுகு போலவோ தக்காளி விதை போலவோ, தட்டையாகவோ, கறுப்பு மணியாகவோ வந்தால் அது வேறு ஏதோ செடி. நீலக் குடுவை, வானவில் குடுவை என்று படம் போட்டு விற்பவை எல்லாம் ஏமாற்று. நெப்பந்தஸில் நீலம் கிடையாது.

வடிவம் சரியாக இருந்தால் போதாது, உள்ளே கரு இருக்க வேண்டும். விதையை வெள்ளைத் திரை அல்லது விளக்கின் மேல் வைத்து உருப்பெருக்கியில் பாருங்கள். நடுவில் அடர்ந்த, புடைத்த கரு தெரிந்தால் நல்லது. முழுக்கத் தட்டையாகவும் ஒளி ஊடுருவுவதாகவும் இருந்தால் அது வெறும் உறை, முளைக்காது. மகரந்தம் சரியாகச் சேராத காயில் இத்தகைய வெற்று விதைகள் நிறைய இருக்கும்.

விற்பவரிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இது: காய் எந்தத் தேதியில் பறிக்கப்பட்டது? பதில் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

விதை எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும்?

அறை வெப்பத்தில் மிகக் குறைவு. காய் வெடித்த சில வாரங்களுக்குள் விதைத்தால் நல்ல முளைப்பு. இரண்டு மூன்று மாதம் வெளியே கிடந்த விதையில் எண்ணிக்கை வெகுவாகக் குறையும், பல சமயம் ஒன்றுகூட வராது.

உடனே விதைக்க முடியாவிட்டால் காகித உறையில் போட்டு, அதைக் காற்றுப் புகாத ஜிப் கவரில் வைத்து, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் 4 முதல் 6 டிகிரியில் வையுங்கள். விதை உலர்ந்திருக்க வேண்டும், ஈரத்தோடு உள்ளே போனால் பூஞ்சணம் பிடிக்கும். இப்படி வைத்தால் பல மாதங்கள் தாங்கும். ஆனாலும் குளிர்சாதனப் பெட்டியில் இருப்பது கிடங்கு அல்ல, அடுத்த வாரம் விதைக்கப்போகும் விதை என்று நினைத்துக்கொள்வது நல்லது.

விதைக்கும் முன் குளிரூட்ட வேண்டும் என்கிறார்களே?

வேண்டாம். அது வட அமெரிக்காவின் சாரசீனியாவுக்கான விதி. அதன் விதைக்கு ஈரத்தோடு நான்கு வாரத்துக்குக் குறையாத குளிர் தேவை. அதையும் குடுவைச் செடி என்றே அழைப்பதால் இரண்டின் குறிப்புகளும் கலந்துவிடுகின்றன. வெப்பமண்டலத்து நெப்பந்தஸ் விதைக்கு உறக்கக் காலமே இல்லை, வந்த அன்றே விதைக்கலாம்.

முளைப்பைத் தூண்டும் ஹார்மோனான ஜிப்ரலிக் அமிலத்தில் ஊறவைக்கலாமா?

தேவையில்லை. புதிய விதை அது இல்லாமலே முளைக்கும், செத்த விதையை அது உயிர்ப்பிக்காது. அளவு மிஞ்சினால் நாற்று வெளிறி, நூலாக நீண்டு, நிற்க முடியாமல் சாய்ந்துவிடும். வெறும் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைப்பதால் தீங்கில்லை, பெரிய பயனும் இல்லை.

என்னென்ன பொருள்கள் தேவை?

மூடியுடன் கூடிய ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பா, உயரம் 10 முதல் 15 சென்டிமீட்டர். அதற்குள் அடங்கும், அடியில் துளையிட்ட 6 முதல் 8 சென்டிமீட்டர் அகலத் தொட்டிகள். நீண்ட நார் ஸ்பாக்னம் பாசி (சதுப்பு நிலப் பாசி), பீட் மாஸ் (மட்கிய ஸ்பாக்னம்), பெர்லைட் (இலேசான வெள்ளைக் கல் துகள்). நுண்துளி விழும் ஸ்பிரேயர், முனை கூர்மையான இடுக்கி, இனத்தின் பெயரையும் தேதியையும் எழுத பிளாஸ்டிக் பட்டை. வெள்ளை எல்.இ.டி. விளக்கு, அதற்கொரு டைமர். ஒரு சின்ன வெப்பமானி: அதன் உணர்முனை டப்பாவுக்குள் இருக்க வேண்டும், அறையில் அல்ல. தண்ணீரில் கரைந்துள்ள உப்பை அளக்க ஒரு டி.டி.எஸ். மீட்டர். இந்தப் பட்டியலில் மீட்டரைத்தான் பலர் தவிர்ப்பார்கள், பிறகு காரணம் தெரியாமல் நாற்றுகளை இழப்பார்கள்.

மண்கலவை எப்படி?

தோட்ட மண், மண்புழு உரம், சாணம் எதுவும் கூடாது. இயற்கையில் இந்தச் செடிகள் சத்தில்லாத, அமிலத்தன்மை கொண்ட நிலத்தில் வளர்பவை. பூச்சி பிடிக்கும் குடுவை உருவானதே அதனால்தான். சத்துள்ள மண்ணில் நாற்று வேர் கருகும், அதற்கு முன்பே பாசியும் பூஞ்சணமும் மேற்பரப்பை மூடிவிடும்.

நாங்கள் பரிந்துரைப்பது: பீட் மாஸ் இரண்டு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு. இதைத் தொட்டியில் 4 முதல் 5 சென்டிமீட்டர் நிரப்பி, அதன் மேல் அரை சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கிய உலர் ஸ்பாக்னம் பாசியை ஒரு சென்டிமீட்டர் பரப்புங்கள். பீட் கிடைக்காவிட்டால் நறுக்கிய ஸ்பாக்னம் மட்டுமே போதும். உயிருள்ள பச்சை ஸ்பாக்னத்தை விதைப்புக்குப் பயன்படுத்த வேண்டாம். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நாற்றைவிட வேகமாக வளர்ந்து அதை மூழ்கடித்துவிடும்.

தேங்காய் நார்த்தூள் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அதில் உப்பு இருக்கும். வேறு வழியே இல்லை என்றால் தூய நீரில் பலமுறை ஊறவைத்துப் பிழிந்து, பிழிந்த நீரின் உப்பு அளவு மீட்டரில் 50 பி.பி.எம்.க்குக் (பத்து லட்சத்தில் 50 பங்கு) கீழே இறங்கும்வரை கழுவுங்கள். பெரிய செடிக்கு அது சமாளிக்கும். விதைக்கு நாங்கள் பயன்படுத்துவதில்லை.

கலவையைச் சூடாக்கி எடுத்தால் பாசி வித்துகளும் பூச்சி முட்டைகளும் பெருமளவு குறையும். கொதிக்கும் தூய நீரை ஊற்றி, மூடிவைத்து ஆறவிடுவது எளிய வழி. மைக்ரோவேவில் வைப்பதானால் கலவை நன்றாக நனைந்திருக்க வேண்டும். உலர்ந்த பாசி தீப்பிடிக்கும்.

எந்தத் தண்ணீர்?

மழைநீர், காய்ச்சி வடித்த நீர், ஆர்.ஓ. நீர் ஆகிய மூன்றில் ஒன்று. மீட்டரில் 50 பி.பி.எம்.க்குக் கீழே இருக்க வேண்டும், விதைப்புக்கு 20க்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது. குடிப்பதற்கென்று விற்கும் பாட்டில் நீரில் தாதுக்கள் சேர்க்கப்பட்டிருக்கும், அளக்காமல் ஊற்றாதீர்கள். வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்திலும் சுவைக்காகத் தாது சேர்க்கும் அமைப்பு இருக்கலாம். குழாய் நீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது.

விதைக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்லுங்கள்.

1. கலவையைத் தொட்டியில் நிரப்பி, தூய நீர் ஊற்றி, அடித்துளை வழியாக முழுக்க வடியவிடுங்கள். மேலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து அழுத்தினால் ஓரிரு துளி விழ வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம்.

2. மின்விசிறியை அணைத்துவிடுங்கள். விதையை வெள்ளைக் காகிதத்தில் கொட்டி, காய்த்தோல், காம்புத் துணுக்கு போன்றவற்றை இடுக்கியால் நீக்குங்கள். பூஞ்சணம் முதலில் பிடிப்பது அந்தக் குப்பையில்தான்.

3. விதைகளை ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்புங்கள். 8 சென்டிமீட்டர் தொட்டிக்கு 30 முதல் 40 விதை போதும். கொத்தாக விழுந்தால் ஒரு விதையில் வந்த பூஞ்சணம் எல்லாவற்றுக்கும் பரவும்.

4. மேலே எதுவும் போட்டு மூடாதீர்கள். முளைக்க வெளிச்சம் வேண்டும்.

5. ஸ்பிரேயரால் மெல்லத் தெளியுங்கள். விதை நீரில் ஒட்டாமல் மிதக்கும். இரண்டு மூன்று முறை தெளித்தால் படுத்து, பாசியோடு ஒட்டிக்கொள்ளும்.

6. பெயரும் தேதியும் எழுதிய பட்டையைச் செருகி, தொட்டிகளை டப்பாவுக்குள் வைத்து மூடுங்கள். டப்பாவின் அடியில் நீர் தேங்க வேண்டாம்.

இவ்வளவுதான் வேலை. இனி உங்கள் கையைக் கட்டிவைப்பதுதான் கடினம்.

வெளிச்சமும் வெப்பமும் எவ்வளவு?

4000 முதல் 6500 கெல்வின் வரையிலான சாதாரண வெள்ளை எல்.இ.டி. போதும், ஊதா நிற விளக்கு தேவையில்லை. 20 வாட் குழல் விளக்கு என்றால் தொட்டிக்கு மேல் 20 முதல் 30 சென்டிமீட்டரில் வைத்து, நாளொன்றுக்கு 12 முதல் 14 மணி நேரம் எரியவிடுங்கள். வெளிச்சத்தை அளக்கும் கைபேசி லக்ஸ் செயலியில் 6000 முதல் 10000 வரை காட்டினால் நாற்றுகளுக்குச் சரியான அளவு.

வெப்பம், தாழ்நில இனங்களுக்குப் பகலில் 26 முதல் 31, இரவில் 21க்குக் குறையாமல். மலை இனங்களுக்குப் பகலில் 20 முதல் 25, இரவில் 12 முதல் 17.

மூடிய டப்பாவை நேர்வெயிலில் வைக்கக் கூடாது. எவ்வளவு எச்சரித்தாலும் ஒரு முறையாவது நடக்கும் விபத்து இது. காலை வெயில்தானே என்று ஜன்னலோரம் வைப்பார்கள், உள்ளே வெப்பம் சீக்கிரமே 45 டிகிரியைத் தாண்டும், விதைகள் எல்லாம் வெந்துபோகும். வெளியே ஒன்றும் தெரியாது. மூன்று மாதம் காத்திருந்துவிட்டு விதை மோசம் என்று விற்றவரைத் திட்டுவார்கள்.

எத்தனை நாளில் முளைக்கும்?

புதிய தாழ்நில விதை பொதுவாக மூன்று முதல் எட்டு வாரம். மலை இனங்கள் இரண்டு மூன்று மாதம் எடுக்கும், சில அதற்கும் மேல். எல்லா விதையும் ஒரே நாளில் எழாது. முதல் முளை தெரிந்த பிறகு இரண்டு மாதம் வரை ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கும். ஆறு மாதம் முடியும் முன் தொட்டியைக் கொட்டாதீர்கள்.

முளைக்கும்போது நடுப்பகுதி வீங்கி, உறை பிளந்து, பச்சை முனை வெளிவரும். பிறகு இரண்டு வித்திலைகள் விரியும், சில மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். விதை உறை வித்திலையின் நுனியில் தொப்பியாக ஒட்டிக்கொண்டிருந்தால் பிடுங்க வேண்டாம். தெளித்து நனைத்துவிட்டால் தானே கழன்றுவிடும். இழுத்தால் நாற்றே கையோடு வரும்.

வித்திலை வந்தது, அதற்குப் பிறகு எதுவுமே நடக்கவில்லை. செத்துவிட்டதா?

பச்சையாக இருக்கிறதா? அப்படியானால் சாகவில்லை. வித்திலைக்கும் முதல் உண்மையான இலைக்கும் நடுவே சில வாரங்கள் கழிவது சாதாரணம். அந்த முதல் இலையிலேயே ஓரிரு மில்லிமீட்டரில் முழுமையான குட்டிக் குடுவை இருக்கும். வெறும் இலையாகத் தொடங்கிப் பின்னால் குடுவை விடும் செடி அல்ல இது. மூடியும் வாயும் உருப்பெருக்கியில் தெளிவாகத் தெரியும்.

இரண்டு மாதத்துக்கு மேலும் அசைவே இல்லை என்றால் மூன்று காரணங்களைப் பாருங்கள்: வெளிச்சம் போதவில்லை, மலை இனத்துக்கு இரவு வெப்பம் அதிகம், அல்லது நீரில் உப்பு ஏறியிருக்கிறது. கடைசியானதைச் சோதிக்க, தொட்டியில் தூய நீர் ஊற்றி அடியில் வடியும் நீரை மீட்டரில் அளங்கள். 100 பி.பி.எம்.க்கு மேல் காட்டினால் கலவையைத் தூய நீரால் பலமுறை அலசுங்கள்.

வெள்ளைப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. என்ன செய்வது?

முதலில், எதன் மேல் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். விதைத்த இரண்டு மூன்று வாரத்தில் சில விதைகளின் மேல் பஞ்சுபோல வருவது செத்த விதையை மட்கவைக்கும் பூஞ்சணம். உயிருள்ள விதையை அது பெரும்பாலும் தொடாது. அந்த விதைகளை இடுக்கியால் எடுத்தெறிந்து, மூடியை ஒரு நாளைக்குச் சற்றே விலக்கிவைத்தால் போதும்.

ஆபத்தானது வேறு. நன்றாக நின்ற நாற்று அடித்தண்டில் கறுத்து, மெலிந்து, ஒரே நாளில் சாய்வது நாற்றழுகல். ஈரமும் தேங்கிய காற்றும் இதற்குக் காரணம். சாய்ந்த நாற்றையும் அதைச் சுற்றியுள்ள பாசியையும் உடனே எடுத்துவிட்டு, தினமும் பத்து நிமிடம் மூடியைத் திறந்து காற்று மாற்றுங்கள், தெளிப்பதை நிறுத்துங்கள். மருந்து போட நேர்ந்தால் தாமிரம் கலந்த பூஞ்சைக்கொல்லியைத் தவிர்க்கவும், ஸ்பாக்னத்துக்கும் நாற்றுக்கும் அது ஒத்துக்கொள்ளாது.

மருந்தைவிட நல்ல ஏற்பாடு ஒன்று உண்டு. ஸ்பிரிங்டெயில் என்னும் வெள்ளைத் துள்ளுபூச்சிகளை டப்பாவில் விட்டுவிடுவது. ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள இவை பூஞ்சணத்தைத் தின்னும், நாற்றைத் தொடாது. சில குட்டிக் குடுவைக்குள் விழுந்து உணவாகவும் ஆகும்.

தொட்டியில் சின்னக் கறுப்பு ஈக்கள் பறக்கின்றன. தீங்கா?

தீங்குதான். பறக்கும் பூஞ்சை ஈயால் சேதம் இல்லை, ஆனால் கலவைக்குள் வாழும் அதன் புழு, கறுப்புத் தலையும் கண்ணாடி உடலும் கொண்டது, நாற்றின் மெல்லிய வேரைத் தின்றுவிடும். நாற்று காரணமின்றி வாடி, தொட்டவுடன் கழன்று வந்தால் சந்தேகம் இதன் மேல்தான். பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்தைத் தூய நீரில் கலந்து, வாரம் ஒரு முறை மூன்று நான்கு வாரம் ஊற்றினால் புழுக்கள் ஒழியும். ஈக்களைப் பிடிக்க மஞ்சள் ஒட்டுத்தாள். ஒரே ஒரு முறை ஊற்றிவிட்டு நிறுத்தினால் முட்டையிலிருந்து அடுத்த தலைமுறை வந்துவிடும்.

மேற்பரப்பு முழுவதும் பச்சைப் படலம்.

பாசி. வெளிச்சமும் ஈரமும் சத்தும் சேர்ந்த இடத்தில் வரும். நாற்று சிறியதாக இருக்கும்போது படலம் தடித்தால் மூச்சுமுட்டவைக்கும். இடுக்கியால் உரித்தெடுக்கலாம், ஆனால் நாற்றுக்கு மிக அருகில் இழுக்க வேண்டாம். உரம் தெளிப்பதைக் குறைத்தால் பாசியும் குறையும்.

எப்போது உரம் அல்லது உணவு தரலாம்?

இரண்டு அல்லது மூன்று உண்மையான இலைகள் வரும்வரை ஒன்றும் வேண்டாம். பிறகு 20-20-20 போன்ற நீரில் கரையும் உரத்தை லிட்டருக்கு 0.1 முதல் 0.2 கிராம் கலந்து, மூன்று வாரத்துக்கு ஒரு முறை இலைமேல் மெல்லத் தெளிக்கலாம். அடுத்த முறை வெறும் நீர் தெளித்துக் கலவையை அலசிவிடுங்கள். இந்த அளவு உங்களுக்குக் கஞ்சத்தனமாகத் தோன்றும். அப்படியே இருக்கட்டும்.

குடுவை ஒரு சென்டிமீட்டரை எட்டியதும், மீன் உணவாக விற்கும் உலர்ந்த இரத்தப்புழுவைப் பொடித்து, பல் குத்தும் குச்சியின் ஈரமுனையில் ஒட்டும் அளவு மட்டும் குடுவைக்குள் வையுங்கள். மாதம் ஒரு முறை, செடிக்கு ஓரிரு குடுவையில் போதும். கூடுதலாகப் போட்டால் குடுவை அழுகும். முறையாக உணவு கிடைத்த நாற்றுக்கும் கிடைக்காத நாற்றுக்கும் ஒரே ஆண்டில் இரண்டு மடங்கு வித்தியாசம் தெரிவது அரிதல்ல. பால், தேன், வீட்டில் சமைத்த இறைச்சி இவையெல்லாம் குடுவைக்குள் போகக் கூடாது.

மூடியை எப்போது திறப்பது?

நாற்றுகளுக்கு நான்கைந்து இலைகள் வந்த பிறகு, அதுவும் படிப்படியாக. முதல் வாரம் ஓரத்தில் அரை சென்டிமீட்டர் இடைவெளி, அடுத்த வாரம் இரண்டு, பிறகு பகலில் சில மணி நேரம் முழுத் திறப்பு. மூன்று நான்கு வாரத்தில் பழகிவிடும். ஒரே நாளில் திறந்தால் இருக்கும் குடுவைகள் விளிம்பிலிருந்து காய்ந்து பழுப்பாகும். செடி சாகாது, ஆனால் சில மாத வளர்ச்சி வீண்.

சுற்றுப்புற ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலான தாழ்நில இனங்கள் திறந்தவெளியிலும் குடுவை விடும். அதற்குக் கீழே இலை வளரும், குடுவை உருவாகும் பற்றுக்கொடியின் நுனி மட்டும் காய்ந்து நின்றுவிடும்.

தனித்தொட்டிக்கு எப்போது, எப்படி மாற்றுவது?

இலைகள் விரிந்த அகலம் 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆனதும். தாழ்நில நாற்றுகளுக்கு இது ஏறத்தாழ 8 முதல் 12 மாதத்தில் வரும். நெருக்கமாக முளைத்தவற்றை அதற்கு முன்பே பிரிக்கலாம் என்றாலும் இழப்பு கூடும்.

தோண்டும்போது வேர் கறுப்பாக இருப்பதைக் கண்டு அழுகிவிட்டது என்று பலர் வெட்டிவிடுகிறார்கள். நெப்பந்தஸ் வேரின் நிறமே கறுப்பு. மெல்லியது, எளிதில் ஒடிவது. அழுகிய வேர் விரலில் கூழாக நசுங்கும், நல்ல வேர் நாராக நிற்கும். நிறத்தைப் பார்க்காதீர்கள், நசுக்கிப் பாருங்கள்.

ஆகவே நாற்றைப் பிடித்து இழுக்காமல், கரண்டியின் காம்பு போன்ற ஒன்றால் சுற்றியுள்ள கலவையோடு ஒரு கட்டியாகத் தூக்குங்கள். 5 முதல் 6 சென்டிமீட்டர் தொட்டியில், ஸ்பாக்னமும் பெர்லைட்டும் சம அளவு கலந்து, குழிசெய்து, கட்டியை அப்படியே இறக்குங்கள். பெரிய தொட்டியில் வைத்தால் வேர் போகாத கலவை ஈரமாகவே கிடந்து புளிக்கும். மாற்றிய பிறகு இரண்டு வாரம் மூடிய டப்பாவுக்குள், வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து வையுங்கள்.

தொட்டியைத் தட்டு நீரில் நிரந்தரமாக நிற்கவைக்க வேண்டாம். நீரில் ஊறிய நிலையைச் சாரசீனியா தாங்கும், நெப்பந்தஸ் வேருக்குக் காற்று வேண்டும். மேலிருந்து ஊற்றி, வடியவிட்டு, மேற்பரப்பு சற்று வெளுக்கத் தொடங்கும்போது மீண்டும் ஊற்றுங்கள்.

பெரிய செடியாக எத்தனை ஆண்டுகள்?

முதல் ஆண்டு ஏமாற்றமாகவே இருக்கும். பல நாற்றுகள் ஒரு நாணயத்தின் அகலத்தைத்தான் எட்டியிருக்கும். இரண்டாம் ஆண்டில் வேகம் பிடிக்கும். மிராபிலிஸ் போன்றவை மூன்று நான்கு ஆண்டில் நல்ல செடியாகிவிடும். மெதுவாக வளரும் உயர்மலை இனங்களுக்குப் பத்தாண்டும் ஆகலாம்.

வெளிநாட்டிலிருந்து விதை வரவழைக்கச் சட்டத் தடை உண்டா?

அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் எல்லா நெப்பந்தஸும் உண்டு. மேகாலயாவின் காசியானா, போர்னியோவின் ராஜா இரண்டும் கட்டுப்பாடு மிகக் கடுமையான பட்டியலான முதல் இணைப்பில் உள்ளன. அவற்றின் விதைக்கும் அனுமதி கட்டாயம். மற்ற இனங்கள் இரண்டாம் இணைப்பில் உள்ளன, அங்கே விதைக்கு விலக்கு உண்டு, செடிக்கு இல்லை. இது சைட்டிஸ் பற்றி மட்டும். தாவர நோய்த் தடுப்புச் சான்று, இறக்குமதி அனுமதி போன்றவை நாட்டுக்கு நாடு மாறும், ஆர்டர் போடும் முன் விசாரித்துவிடுங்கள். காட்டிலிருந்து பறித்த விதையை எந்த இனமானாலும் வாங்க வேண்டாம். வளர்ப்பிலிருந்து வரும் விதைதான் பெரும்பாலும் புதியதும்கூட.

என் செடியிலிருந்தே விதை எடுக்கலாமா?

ஒரே செடியை வைத்துக்கொண்டு முடியாது. நெப்பந்தஸில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு, பூக்கும்வரை எது எதுவென்று தெரியாது. ஆண் பூவின் நடுவே மஞ்சள் மகரந்த உருண்டை ஒரு காம்பின் மேல் இருக்கும். பெண் பூவில் பச்சைச் சூலகம் பருத்து, அதன் உச்சி ஈரமாக மினுக்கும். அந்த மினுக்கம் இருக்கும் நாள்களில் ஆண் பூவை நேராகத் தொட்டுத் தடவினாலே போதும். கொத்தில் பூக்கள் கீழிருந்து மேலாக விரிவதால் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை திரும்பச் செய்ய வேண்டும்.

இரண்டும் ஒரே நேரத்தில் பூக்காவிட்டால், மகரந்தத்தை உலர்த்திச் சிறு காகிதத்தில் மடித்து, காற்றுப் புகாத குப்பியில் உறைநிலைப் பெட்டியில் வைத்தால் சில மாதம் பயன்படும். வேறு இனத்தின் மகரந்தத்தைப் போட்டாலும் பெரும்பாலும் காய் பிடிக்கும், வருவது கலப்பினம். அப்போது பெயர்ப்பட்டையில் தாய் பெயரை முதலிலும் தந்தை பெயரைப் பின்னாலும் எழுதுவது வழக்கம். பட்டை தொலைந்த கலப்பின நாற்றை யாராலும் அடையாளம் சொல்ல முடியாது.

காய் முற்ற இரண்டு முதல் நான்கு மாதம் ஆகும். பச்சை மாறிப் பழுப்பு ஏறத் தொடங்கியதும் கொத்தின் மேல் மெல்லிய துணிப்பையோ தேநீர்ப் பையோ கட்டிவிடுங்கள். காய் நான்காகப் பிளந்தால் நூற்றுக்கணக்கான விதைகள் காற்றோடு போய்விடும். முதல் காய் பிளந்த அன்றே அறுவடை செய்து, அடுத்த வாரத்துக்குள் விதைத்துவிடுங்கள்.